கள்ளுக் கலயத்தில் பிறந்த மருந்து
(திருவேட்டக்குடியில் செய்த சொற்பொழிவின் சாரம்)



மரம் ஏறுகின்ற தோழர்களுக்குத் தெரிந்த சங்கதியிலிருந்தே தொடங்குகின்றோம். கலயத்தில் சுண்ணாம்பு தடவினால் பதநீர், தடவாவிட்டால் கள். ஏன்? ஈஸ்ட் என்னும், கண்ணுக்குத் தெரியாத உயிர் சர்க்கரையைத் தின்று சாராயமாக மாற்றுகின்றது. சுண்ணாம்பு அதன் வேலையைத் தடுக்கின்றது. இதில் மந்திரமும் இல்லை, மாயமும் இல்லை. இந்த அற்ப உயிரைக் கொண்டு மனிதன் என்ன செய்திருக்கின்றான் என்று கேளுங்கள்.

நம் சிறுநீரகங்களின் மேல் அட்ரினல் என்று இரண்டு சிறு சுரப்பிகள் உண்டு. அவை கார்ட்டிசால் என்னும் ஹார்மோனைச் சுரக்கின்றன. அது அடியோடு நின்றால், மருந்தின்றி மனிதன் பிழைக்க முடியாது. அதையே மருந்தாகச் செய்யும்போது ஹைட்ரோகார்ட்டிசோன் என்கின்றார்கள். இதன் உறவான கார்ட்டிசோனை 1948இல் அமெரிக்காவில் முதன்முதல் ஒரு வாத நோயாளிக்குக் கொடுத்தபோது, அதை மாட்டின் பித்தநீரிலிருந்து முப்பதுக்கு மேற்பட்ட படிகளில் செய்ய வேண்டியிருந்தது.

1954 வரை இந்தக் காரைக்காலை ஆண்ட பிரான்சு தேசத்தின் விஞ்ஞானிகள், டெனிஸ் பொம்போன், புரூனோ துமா முதலியோர், 2003இல் வேறு வழி காட்டினார்கள். ஈஸ்ட் தன் மேல்தோலுக்காக ஒரு கொழுப்புப் பொருளைச் செய்துகொள்ளுகின்றது. ஒரு செடியின் மரபணுவை வைத்து அந்த வேலையைத் திசை திருப்பினார்கள். பிறகு மாடு முதலிய பாலூட்டிகளின் புரதங்கள் எட்டை அதற்குள் செய்ய வைத்தார்கள். ஈஸ்டின் சொந்த நொதிகள் சில சரக்கைப் பாதி வழியில் கெடுத்தன. அவற்றின் மரபணுக்களைச் செயலற்றவையாக்கினார்கள். முடிவில் சாதாரணச் சர்க்கரையோ சாராயமோ கொடுத்தால், ஈஸ்டே ஹைட்ரோகார்ட்டிசோனைச் செய்தது!

மாட்டின் நொதி, செடியின் நொதி, ஈஸ்டின் உடல். கிடைத்ததோ மனிதனுடைய ஹார்மோன்! பிறவிக்குப் பிறவி சுபாவம் வேறு, கலந்தால் கெட்டுவிடும் என்கின்றவர்கள் இதற்கு என்ன சமாதானம் சொல்லுவார்கள் என்று கேட்கின்றோம்.

கடையில் விற்கும் ஸ்டீராய்டு மருந்துகளில் பெரும்பாலானவை இன்றும் தாவரப் பொருள்களிலிருந்தே செய்யப்படுகின்றன என்பதையும் மறைக்காமல் சொல்லுகின்றோம். ஆனால் ஈஸ்ட் வீண்போகவில்லை. ஐதராபாத்தின் சாந்தா பயோடெக்னிக்ஸ் 1997இல் கொண்டுவந்த மஞ்சள் காமாலைத் தடுப்பூசியும் ஈஸ்டில் செய்ததே.

தோழர்களே, இதை நாம் தெரிந்துகொள்ள வேண்டிய அவசியம் என்ன? முடக்குவாதத்துக்கும் இழுப்புக்கும் பெயரில்லாத பொடி விற்கின்றவர்களில் சிலர் இந்த ஸ்டீராய்டையே இரகசியமாகக் கலக்கின்றார்கள். இரண்டே நாளில் வலி போகும், அருள் என்பீர்கள். மாதக்கணக்கில் தின்றால் முகம் வீங்கும், எலும்பு தேயும், இரத்தத்தில் சர்க்கரை ஏறும். தின்னத் தின்ன உங்கள் சொந்தச் சுரப்பி உறங்கிவிடும். திடீரென்று நிறுத்தினால் உயிருக்கே மோசம். வைத்தியர் அளவோடு கொடுத்து, அளவோடு குறைத்தால் அதே பொருள் உயிரைக் காப்பாற்றும்.

ஆகவே, வாங்கும் மருந்தின் பெயரென்ன, அதில் உள்ளதென்ன என்று கேளுங்கள். சொல்ல மறுக்கின்றவனிடம் காசு கொடுக்காதீர்கள். ஏற்கெனவே தின்றுகொண்டிருப்பவர்கள் தாமாக நிறுத்தாமல், நாளைக்கே அந்தப் பொடியோடு ஆஸ்பத்திரிக்குப் போய்க் காட்டும்படி கேட்டுக்கொள்ளுகின்றோம்.