ஆணியைக் காத்த காகிதம்



சங்ககிரியில் போல்ட் நட்டுக் கடை வைத்திருப்பவனுக்குப் படகைப் பற்றி என்ன தெரியும் என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். எங்கள் ஊர் லாரிக்குப் பேர்போனது. கடைக்கு வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் லாரிக்குப் பாடி கட்டுகிறவர்கள், மீதிப் பேர் ரிக் வண்டிக்காரர்கள். கடலைப் பார்க்க வேண்டுமென்றால் அரை நாள் பயணம் போக வேண்டும்.

ஆனால் காவிரி கிட்டத்தில்தான் ஓடுகிறது. எடப்பாடியைத் தாண்டினால் பூலாம்பட்டி, அக்கரையில் ஈரோடு மாவட்டத்து நெரிஞ்சிப்பேட்டை. கதவணை கட்டித் தண்ணீரைத் தேக்கியிருப்பதால் ஆறு அங்கே ஏரி மாதிரி விரிந்து நிற்கும். ஆட்களையும் டூவீலர்களையும் ஏற்றிக்கொண்டு விசைப்படகு போய்வரும். மேட்டூரில் உபரித் தண்ணீர் திறந்துவிட்டால் படகு நிற்கும். மற்ற நாளில் ஆற்றைக் கடக்க அதுதான் சுருக்கு வழி.

அந்தப் பக்கம் சின்னப் படகு ஒன்று வைத்திருக்கிற ஒருவர், சித்திரை மாதம் நல்ல வெயிலில் கடைக்கு வந்தார். கையில் செய்தித்தாள் பொட்டலம். மேசையில் வைத்துப் பிரித்தார். ஒரு சாண் நீள அலுமினியப் பைப் துண்டு, அதில் ஒரு எவர்சில்வர் போல்ட். போல்ட் நேற்று வாங்கியது போல மின்னியது. பைப்பில் போல்ட் நுழைந்த ஓட்டை இருந்த இடத்தில், கோலமாவு போல வெள்ளைப் பொடி. நகத்தால் சுரண்டினேன். உதிர்ந்தது. எட்டு எம்.எம். ஓட்டையில் என் சுண்டுவிரல் தாராளமாகப் போய்வந்தது.

“ஏனுங்க, உங்க கடையிலதானுங்க வாங்குனேன். என்ற படகுப் பந்தலுக்குப் பாதி, பிச்சாவரம் பக்கம் மச்சான் படகுக்குப் பாதி. என்றது இன்னும் கல்லாட்டம் நிக்குது. மச்சான் படகுல மட்டும் பைப்பு மாவாப் போச்சுங்க. காத்துல பந்தலே தூக்கிக்கிச்சாம்” என்றார்.

ஒரே போல்ட், ஒரே பைப், ஒரே நாளில் வாங்கியது. ஒன்று காவிரியில், இன்னொன்று உப்பங்கழியில். இதைவிட நல்ல பாடம் எந்தப் பாலிடெக்னிக்கிலும் கிடைக்காது.

முதலில் எவர்சில்வரைச் சொல்கிறேன். இரும்போடு குறைந்தது நூற்றுக்குப் பத்தரைப் பங்கு குரோமியம் சேர்ந்தால், காற்றுப் பட்டதும் மேலே கண்ணுக்குத் தெரியாத ஒரு தோல் உருவாகும். கீறினாலும் காற்று இருந்தால் தானே ஆறிக்கொள்ளும். நம் வீட்டுச் சொம்பு துருப்பிடிக்காததற்கு அந்தத் தோல்தான் காரணம். சேலத்துக்கு இது சொந்தச் சரக்கு. கஞ்சமலை அடிவாரத்து உருக்காலையில் 1981-லிருந்து இந்தத் தகடு உருட்டுகிறார்கள். பந்தலின் இன்னொரு உலோகமும் அசலூர் கிடையாது. ஏற்காட்டிலும் கொல்லிமலையிலும் பாக்சைட் வெட்டி, 1965-லிருந்து மேட்டூரில் அலுமினியம் உருக்கினார்கள். அந்த உலை நின்று பல வருஷம் ஆகிவிட்டது, அது வேறு கதை.

ஆக, இரண்டும் நம் மண்ணில் கைவந்த உலோகங்கள். தனித்தனியே இருந்தால் இரண்டும் தங்கம். ஒன்றை ஒன்று தொட்டுக்கொண்டு உப்புத்தண்ணீரில் நனைந்தால் மட்டும் அங்கே ஒரு பேட்டரி பிறந்துவிடும். உப்புநீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும், அதனால் இரண்டில் எளிய உலோகம் கரையும். இங்கே அலுமினியம்தான் எளியது. காவிரித் தண்ணீரில் உப்பு கொஞ்சம், மின்சாரம் தட்டுத்தடுமாறித்தான் போகும். அதனால்தான் இவர் பந்தல் நிற்கிறது. கரைவது நிற்கவில்லை, மெதுவாக நடக்கிறது.

இதை அந்தக் காலத்திலேயே விலைகொடுத்துத் தெரிந்துகொண்டவர்கள் இங்கிலாந்துக் கடற்படைக்காரர்கள். மரத்தைத் துளைக்கிற கடற்புழுவுக்குப் பயந்து, 1761-ல் ‘அலார்ம்’ என்ற போர்க்கப்பலின் அடியில் செப்புத் தகடு அடித்தார்கள். இரண்டு வருஷம் மேற்கிந்தியத் தீவுகள் பக்கம் சுற்றிவிட்டு வந்த கப்பலைப் பார்த்தால், செம்பு நன்றாக இருக்கிறது, இரும்பு ஆணிகள் பல கூழாகிவிட்டன. சில ஆணிகள் மட்டும் அப்படியே இருந்தன. ஏன் என்று பார்த்தார்கள். தகடு சுற்றி வந்த பழுப்புக் காகிதத்தை அந்த இடங்களில் யாரோ உரிக்காமல் விட்டிருந்தார்கள். ஆணிக்கும் செம்புக்கும் நடுவில் அந்தக் காகிதம் இருந்திருக்கிறது. சோம்பேறித்தனம் எப்போதாவது நல்லது செய்யும் என்பதற்கு இது ஒரு சான்று.

படகுக்காரரிடம் இந்தக் கதையைச் சொன்னேன். “அப்ப காயிதம் சுத்தச் சொல்றீங்களா?” என்றார். காகிதம் வேண்டாம். இப்போது நைலான் புஷ் இருக்கிறது. ஓட்டைக்குள் போல்ட்டின் உடம்பைச் சுற்றி ஒன்று, தலைக்குக் கீழே ஒரு நைலான் வாஷர், நட்டுப் பக்கம் ஒன்று. பலர் வாஷரை மட்டும் போட்டுவிட்டு, ஓட்டைக்குள் புஷ் போடாமல் விட்டுவிடுகிறார்கள். அப்புறம் உலோகம் உலோகத்தை உள்ளே தொட்டுக்கொண்டேதானே இருக்கும்? எங்கள் ஊரில் எதற்கும் பழைய லாரி டியூபை வெட்டி வைக்கிற பழக்கம் உண்டு. இங்கே அதை வைக்காதீர்கள். டியூப் ரப்பரில் கரி கலந்திருக்கிறது, பிரிப்பதற்கு அதை நம்பக் கூடாது.

இதைவிட மோசமானது நேரெதிர்ச் சேர்க்கை. பெரிய எவர்சில்வர்ப் பட்டையில் சின்ன அலுமினிய ரிவெட். கரைய வேண்டியது சின்னதாக இருந்தால் சீக்கிரமே தீர்ந்துவிடும். சாதாரண பாப் ரிவெட்டில் இன்னொரு சங்கடம்: அடித்து முடித்த பிறகு நடுவில் இரும்புக் கம்பித் துண்டு தங்கிவிடும். ரிவெட் தலையிலிருந்து பழுப்பாக ஒரு கோடு வழிந்திருந்தால் அது அந்தக் கம்பிதான்.

அடுத்து எந்த எவர்சில்வர் என்பது. 304 என்றால் ஏறக்குறைய 18 பங்கு குரோமியம், 8 பங்கு நிக்கல். போல்ட் தலையில் ஏ2 என்று பொறித்திருக்கும். 316 என்றால் கூடவே இரண்டு மூன்று பங்கு மாலிப்டினம், தலையில் ஏ4. உப்பு அரித்துக் குழி பறிப்பதைத் தாக்குப்பிடிப்பது இதுதான். விலையும் அதற்கேற்ப ஏறும். பூலாம்பட்டிக்கு 316 வாங்குவது தண்டச் செலவு என்றே சொல்வேன், கடைக்காரன் நானே சொல்கிறேன். பிச்சாவரத்துக்கும் ராமேஸ்வரத்துக்கும் அதற்குக் குறைந்து வாங்கவே கூடாது.

காந்தம் கொண்டுவந்து சோதிக்கிறவர்கள் இருக்கிறார்கள். ஒட்டவில்லை என்றால் அசல், ஒட்டினால் போலி என்பது ஊர் நம்பிக்கை. நானும் அப்படி நம்பித்தான் ஒரு முறை மூட்டைக்கணக்கில் சரக்கு எடுத்தேன். காந்தம் ஒட்டவே இல்லை. ஒரு மழைக்காலம் முடிவதற்குள் வாங்கிப் போனவர்கள் பழுப்படித்த போல்ட்டோடு வரிசையில் நின்றார்கள். வந்தது 202 ரகம். நிக்கலைக் குறைத்து மாங்கனீஸ் சேர்த்தது. அதிலும் காந்தம் ஒட்டாது. மறுபக்கம், குளிர்நிலையில் அடித்து உருவாக்கிய அசல் 304 போல்ட்டில் லேசாகக் காந்தம் இழுக்கும். ஆகக் காந்தம் இங்கே சாட்சி சொல்ல லாயக்கில்லை. தலையில் பொறித்த எழுத்தைப் பாருங்கள், பில்லில் ரகத்தை எழுதச் சொல்லுங்கள். மாங்கனீசைக் காட்டிக்கொடுக்கிற சோதனைத் திரவம் இருக்கிறது. ஒரு சொட்டு விட்டால் நிறம் மாறும். அந்தப் பாட்டில் இப்போது என் கல்லாப்பெட்டிக்குப் பக்கத்திலேயே இருக்கிறது.

பந்தல் சட்டம் அலுமினியமாக இல்லாமல் ஜி.ஐ. பைப்பாக இருந்தால், எவர்சில்வரே வேண்டியதில்லை. துத்தநாகம் பூசிய போல்ட் போதும். அதிலும் இரண்டு ரகம். பளபளவென்றோ மஞ்சளாகவோ இருப்பது மின்முலாம், கனம் பெரும்பாலும் 10 மைக்ரானுக்குள். மழையில் ஒரு வருஷம் தாங்கினால் அதிர்ஷ்டம். சாம்பல் நிறத்தில் சொரசொரப்பாக இருப்பது உருகிய துத்தநாகத்தில் முக்கி எடுத்தது, பூச்சு நான்கைந்து மடங்கு கனம். அழகாக இருக்காது. ஆற்றுப் படகுக்கு அதைத்தான் எடுத்துக் கொடுப்பேன். அதற்கென்று மரை அகலமாக வெட்டிய நட்டையும் சேர்த்தே வாங்க வேண்டும், சாதாரண நட்டு ஏறாது.

லாரிப் பட்டறைக்காரர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. நீங்கள் எதையும் காற்றுத் துப்பாக்கியால் முடுக்கிப் பழகியவர்கள். எவர்சில்வர் போல்ட்டில் எவர்சில்வர் நட்டை அப்படி முடுக்கினால், பாதி வழியில் மரை ஒன்றை ஒன்று கடித்துக்கொள்ளும். அப்புறம் முன்னாலும் போகாது, பின்னாலும் வராது, அறுத்துத்தான் எடுக்க வேண்டும். மரையில் கொஞ்சம் கிரீஸ் தடவி, 12-13 ஸ்பேனரைக் கையால் பிடித்து, நிதானமாகத் திருகினால் போதும். ஃபைபர் படகின் விளிம்பில் ஸ்குருவை மட்டும் நம்பாதீர்கள். ஆடிக்காற்று பந்தலைக் கீழே அமுக்காது, மேலே தூக்கும். ஊடுருவிப் போகிற போல்ட், உள்பக்கம் அகலமாக ஒரு தகடு, ஓட்டையைச் சுற்றி சீலன்ட். இவ்வளவும் வேண்டும்.

படகுக்காரர் மச்சானுக்காக ஏ4 போல்ட்டும் நைலான் புஷ்ஷும் வாங்கிக்கொண்டு கிளம்பினார். பைப் துண்டை என்னிடமே விட்டுவிட்டார். கடையில் யாராவது “எல்லா எவர்சில்வரும் ஒண்ணுதானுங்களே” என்றால் எடுத்துக் காட்டுகிறேன். பொடி உதிர்ந்து உதிர்ந்து ஓட்டை இப்போது இன்னும் பெரிசாகிவிட்டது.