பக்கத்தில் இடம் கொடுங்கள்
(குலசேகரம் ஜெபப் பங்காளர் கூடுகையில் பேசியது)



2018 மே மாதம் கேரளத்தில் நிபா என்றதும் இங்கே நாமும் நடுங்கினோம். பேராம்பிரா தாலுகா ஆஸ்பத்திரியில் நோயாளியைப் பராமரித்த நர்ஸ் லினி 21-ம் தேதி மரித்தார். இரண்டு சிறு பிள்ளைகளின் தாய். அவரோடு வேலை செய்த நர்சுகளைப் பஸ்ஸிலும் ஆட்டோவிலும் ஜனங்கள் ஒதுக்கினார்கள். நாமும் அப்படித்தான் செய்திருப்போமோ?

91-ம் சங்கீதத்தை வாசித்து ஜெபிக்கிறோம், நல்லது. வவ்வால் கடித்த பழத்தைத் தள்ளுங்கள், சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள், அது அவிசுவாசமல்ல. இந்நோய் பெரும்பாலும் நோயாளியை நெருங்கிப் பராமரிப்பவருக்கே தொற்றுகிறது. சுகமாயிருக்கிற நர்சைக் கண்டு ஏன் விலக வேண்டும்? டியூட்டி முடிந்து நம் ஆஸ்பத்திரிச் சகோதரி பஸ் ஏறினால், தயவுசெய்து பக்கத்தில் இடம் கொடுங்கள். உங்கள் காணிக்கையில் வாங்கும் கையுறையும் முகக்கவசமும் அவர்களுக்குத்தான்.