சோற்றுப் பசையும் மூங்கில் ஆணியும்

ஒகயாமா ரயில் நிலையத்தில் ஆக்கோ தடத்து வண்டியில் ஏறினால், சிறிது நேரத்திலேயே ஒசபுனே வந்துவிடுகிறது. வயலும் வீடுமாகக் கிடக்கும் சின்ன ஊர். பக்கத்தில் யோஷீ ஆறு. ஜப்பான் தேசியச் செல்வமாகப் போற்றும் வாள்களில் கிட்டத்தட்டப் பாதி, பிசென் என்ற இந்தப் பழைய நாட்டில் அடித்தவை. நேயர்கள் அறிந்த ஃபுகுவோகா மாநகரின் பெயர்கூட இங்குள்ள ஒரு சிற்றூரின் பெயர்தான். குரோதா என்ற பிரபுக் குடும்பத்தார் அதைக் கியூஷூ தீவுக்கு எடுத்துப்போனார்கள்.

மலையின் இரும்பு மணலும் ஆற்று வழிப் போக்குவரத்தும் கொல்லர்களை இங்கே வாழவைத்தன. 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் அதே ஆறு வெள்ளமாக வந்து அவர்களின் ஊரையே அடித்துப்போனது.

இன்று ஊரின் வாள் அருங்காட்சியக வளாகத்தில் மறுபடி உலை எரிகிறது. வாளுக்கான உருக்கு, ஷிமானே மாநிலத்து ஒகுஇசுமோவில் குளிர்காலத்தில் உருவாகிறது. அங்கே மண் உலை 3 நாள் இரவு பகலாக எரிந்து, சுமார் 10 டன் இரும்பு மணலையும் 12 டன் கரியையும் தின்று, இரண்டரை டன் கட்டியைத் தரும். அதில் நயமான உருக்கு 1 டன்கூடத் தேறாது.

ஒசபுனேயில் கொல்லர் அந்த உருக்கைக் காய்ச்சி, அடித்து, மடிக்கிறார். 15 முறை மடித்தால் 32,768 அடுக்கு. இந்தக் கணக்கைச் சொல்லி வாய்பிளக்க வைப்பவர்கள் உண்டு. ஆனால் மடிப்பது கசடு வெளியேறவும் கரிமம் சீராகப் பரவவும்தான். உண்மையான அதிசயம் அதற்குப் பிறகு. வாளின் முதுகில் தடிப்பாகவும் விளிம்பில் மெல்லிதாகவும் களிமண் பூசி, நெருப்பின் நிறம் தெரிய அறையை இருட்டாக்கி, பழுத்ததும் தண்ணீரில் அமிழ்த்துகிறார். விளிம்பு சட்டென்று குளிர்ந்து இறுகிப் புடைக்க, வாள் தானாகவே வளைகிறது.

கொல்லரோடு வேலை முடிவதில்லை. சாணைக்காரர் பல கற்களில் நாள்கணக்காகத் தேய்க்கிறார். இன்னொருவர் அலகின் அடியில் செம்புப் பட்டை பூட்டுகிறார். கைப்பிடிக்குத் திருக்கை மீன் தோல். ஒரு காலத்தில் டச்சுக் கப்பல்கள் சயாமிலிருந்து நாகசாகிக்கு ஏற்றிவந்த சரக்கு அது. அதன்மேல் பட்டு நாடாவைக் குறுக்கும் நெடுக்குமாகச் சுற்றுகிறார்கள். இத்தனை உறுதியான உருக்கைக் கைப்பிடியோடு பிணைத்திருப்பது ஒரு மூங்கில் ஆணி. வாளைப் பத்திரப்படுத்தும் மர உறையின் இரு பாதிகளை ஒட்டுவது சோற்றுப் பசை! உள்ளே துரு சேர்ந்தால் உறையைப் பிளந்து துடைத்து மீண்டும் ஒட்ட வேண்டும். வலுத்த பசை அதற்கு உதவாது.

ஒசபுனே அடங்கிய செதோஉச்சி நகராட்சி, 2020இல் ‘சான்சோமோ’ என்ற 13ஆம் நூற்றாண்டு வாளை 50 கோடி யென்னுக்கு வாங்கியது. பணம் பெரும்பாலும் பொதுமக்களின் நன்கொடை. உயேசுகி பிரபுக்களின் கையில் இருந்த இந்த வாளுக்குப் பழைய கைப்பிடியும் உறையும் கூடவே வந்தன. சித்திர வேலைப்பாடுள்ள கைக்காப்பைத் தேடுபவர்களுக்கு ஏமாற்றம்தான்: இந்த வாளின் கைப்பிடியில் கைக்காப்பே கிடையாது.