ஜாமுக்குப் பதம் இருக்கு, தீசிஸுக்கு?

இந்த வாரம் கோடிங், இன்டர்வியூ, சம்பள உயர்வு எதுவும் கிடையாது. ஜாம் கிண்டுறதைப் பத்திப் பேசப் போறோம். ஆமா, பிரெட்ல தடவுற அதே ஜாம்தான். பிஎச்.டி., எம்.டெக்., ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்னு ஏதோ ஒண்ணுல மாட்டிக்கிட்டு முழிக்கிறவங்க இதைக் கொஞ்சம் கவனமாக் கேளுங்க. மத்தவங்க ரெசிபிக்காகக் கேக்கலாம். அதுவும் உள்ளே இருக்கு.

முதல்லயே ஒண்ணு சொல்லிடுறேன். "ஸ்ட்ரெஸ் ரிலீஃப்"ங்கிற வார்த்தையைக் கேட்டாலே எனக்குக் கொஞ்சம் எரிச்சல் வரும். வாசனை மெழுகுவர்த்தி, கலரிங் புக், மாசம் இவ்வளவுன்னு காசு கட்டுற தியான ஆப். எல்லாமே நம்ம கவலையை வெச்சு யாரோ விக்கிற சரக்கு மாதிரிதான் எனக்குத் தோணும். ஜாமை நான் அந்த லிஸ்ட்ல சேர்க்கலை. ஏன்னு சொல்றேன்.

என் ரூம்மேட் ஒருத்தன் சென்னைல பிஎச்.டி. பண்றான். இதைப் பேசப் போறேன்னு அவன்கிட்ட கேட்டுட்டேன், "பேரு மட்டும் சொல்லாத மச்சான்"னு சொல்லிட்டான். நாலாவது வருஷத்துல அவனோட பேப்பர் ரெண்டாவது தடவையா ரிஜெக்ட் ஆச்சு. அடுத்த டிசி மீட்டிங்குக்கு ஆறு வாரம்தான் இருந்துச்சு. அந்த சமயத்துல அவன் அழுதான், கத்தினான்னெல்லாம் ஒண்ணும் இல்லை. அமைதியாயிட்டான், அவ்வளவுதான். காலைல லேப்டாப்பைத் திறப்பான், ராத்திரி மூடுவான். நடுவுல ஒரு பாரா எழுதுவான், அழிப்பான். நானும் ஆபீஸ்ல ரிலீஸ் டென்ஷன்ல இருந்ததால, "சாப்பிட்டியா"ங்கிறதைத் தாண்டி எங்களுக்குள்ள பேச்சே இல்லை.

ஒரு ஞாயித்துக்கிழமை கோயம்பேடு போனவன் ரெண்டு கிலோ பன்னீர் திராட்சையோட வந்தான். கம்பம் பள்ளத்தாக்குல விளையுமே, கறுப்பா, கொட்டையோட, புளிப்பும் இனிப்புமா, அதுதான். 2023ல புவிசார் குறியீடு கூட கிடைச்சிருக்கு அதுக்கு. மத்த ஊர்கள்ல திராட்சைக்கு சீசன் உண்டு. கம்பத்துல கிட்டத்தட்ட வருஷம் பூரா அறுவடை நடக்கும். ரெண்டு கிலோவை ரெண்டு பேர் எப்படித் தின்னு தீர்க்கிறது? ஒரு கிலோவை ஜாம் ஆக்கிடலாம்னு அவனே சொன்னான். எங்க அம்மாவுக்கு போன் போட்டு அளவு கேட்டோம்.

அளவு இதுதான். ஒரு கிலோ திராட்சை, முக்கால் கிலோ சர்க்கரை, ஒரு எலுமிச்சம்பழம். காம்பு ஆய்ஞ்சு, நல்லாக் கழுவி, ஒரு டம்ளர் தண்ணி ஊத்தி வேக வைக்கணும். தோல் வெடிச்சு எல்லாம் குழைஞ்சதும் மத்தால மசிச்சு, கண்ணு பெரிய வடிகட்டில தேய்ச்சா கொட்டையும் தோலும் மேல நின்னுடும். கீழ இறங்கின கூழை அகலமான, அடி கனமான எவர்சில்வர் பாத்திரத்துல ஊத்தி, சர்க்கரை, எலுமிச்சைச் சாறு சேர்த்துக் கிண்டணும். அலுமினியப் பாத்திரம் வேண்டாம், புளிப்புக்கு ஆகாது. அகலம் ஏன் முக்கியம்னா, தண்ணி ஆவியாகிற பரப்பு அதிகம். ஒடுக்கமான குக்கர்ல கிண்டினா நேரம் இழுக்கும், பழத்தோட வாசமும் போயிடும்.

இப்போ எஞ்சினியரா ரெண்டு நிமிஷம் பேசிக்கிறேன். பழத்துல பெக்டின்னு ஒரு பொருள் இருக்கு, நீளநீளமான சங்கிலி மாதிரி. சாதாரணமா இந்தச் சங்கிலிகள் மேல நெகடிவ் சார்ஜ் இருக்கிறதால ஒண்ணை ஒண்ணு தள்ளிவிடும். எலுமிச்சைல இருக்கிற அமிலம் அந்த சார்ஜைக் குறைக்கும். சுத்தி இருக்கிற தண்ணியை சர்க்கரை தன் பக்கம் இழுத்துக்கும். தள்ளிவிடவும் வழியில்லை, ஒளிஞ்சுக்கத் தண்ணியும் இல்லைங்கிற நிலைமைல, சங்கிலிகள் ஒண்ணோட ஒண்ணு கோர்த்து வலை மாதிரி ஆயிடும். அந்த வலைதான் ஜாம். பெக்டின், அமிலம், சர்க்கரை, இந்த மூணுல ஒண்ணு குறைஞ்சாலும் கிடைக்கிறது சிரப்தான். ரொம்பக் கனிஞ்சு போன பழத்துல பெக்டின் சிதைஞ்சிருக்கும். அதனால கொஞ்சம் காய்வெட்டா நாலு பழம் கலந்திருக்கிறது நல்லது. கொய்யாவுக்கு இந்தக் கவலையே இல்லை, அதுல பெக்டின் தாராளம். அன்னாசில கம்மி.

சர்க்கரை கரைஞ்ச தண்ணி 100 டிகிரியைத் தாண்டித்தான் கொதிக்கும். தண்ணி ஆவியாக ஆக சூடு மேல ஏறும். கிட்டத்தட்ட 105 டிகிரி செல்சியஸ்ல சர்க்கரை 65 சதவீதத்துக்குப் பக்கத்துல வந்திருக்கும். அதுதான் ஜாம் இறுகுற இடம். பெங்களூர் மக்களே, உங்க ஊர் உயரத்துல தண்ணியே 97 டிகிரி வாக்குல கொதிச்சிடும். 105 வரட்டும்னு காத்திருந்தா மிட்டாய்தான் மிஞ்சும். தண்ணி கொதிக்கிற சூட்டை விட நாலஞ்சு டிகிரி மேலன்னு கணக்கு வெச்சுக்கோங்க.

தெர்மாமீட்டர் இல்லாட்டியும் பரவாயில்லை. ஒரு சின்னத் தட்டை ஃப்ரீஸர்ல வைங்க. ஜில்லுனு ஆனதும் அதுல ஒரு சொட்டு ஜாம் விட்டு, அரை நிமிஷம் கழிச்சு விரலால தள்ளுங்க. மேல சுருக்கம் விழுந்தா ஆச்சு. ஓடினா இன்னும் அஞ்சு நிமிஷம்.

நான் சொல்ல வந்ததே இந்தத் தட்டைப் பத்தித்தான். நம்ம சமையலறைல எல்லாத்துக்கும் ஒரு பதம் இருக்கு. அதிரசத்துக்கு ஒரு பாகு, கடலை மிட்டாய்க்கு வேற பாகு. ஒரு கம்பிப் பதம், ரெண்டு கம்பிப் பதம், உருட்டுப் பதம்னு பேரு வெச்சு, கையால தொட்டுப் பார்த்து, "வந்துடுச்சு, இறக்கு"ன்னு சொல்லிடலாம். தீசிஸுக்கு அந்த மாதிரி ஒரு பதம் யாராவது சொல்லியிருக்காங்களா? மூணாவது சாப்டர் முடிஞ்சுதான்னு கேட்டா, கைடு ஒண்ணு சொல்வார், ரிவ்யூவர் வேற சொல்வார், நமக்கே ராத்திரி ரெண்டு மணிக்கு இன்னொண்ணு தோணும். ப்ரோக்ராமர் பாஷைல சொன்னா, எப்போ நிறுத்தணும்னு கண்டிஷனே எழுதாத லூப் அது. வேலை கஷ்டமா இருக்கிறது ஒரு பக்கம் இருக்கட்டும். எங்கே முடியும்னு தெரியாம தினமும் அதைச் செய்யுறதுதான் ஆளை அரிக்குதுன்னு நான் நினைக்கிறேன்.

அன்னிக்கு அந்தத் தட்டுல சுருக்கம் விழுந்தப்போ அவன் மூஞ்சியைப் பார்க்கணுமே! "மச்சான், செட் ஆயிடுச்சுடா"ன்னான். அடுப்புல ஏத்தி ஒன்றரை மணி நேரத்துல, அவன் தொடங்கின ஒரு விஷயம், அவன் கண்ணு முன்னாடி, யாரோட அப்ரூவலும் இல்லாம முடிஞ்சிருந்தது. எத்தனையோ மாசம் கழிச்சு.

இன்னொண்ணும் நடந்துச்சு. ஜாம் கிண்டும்போது போனைத் தொட முடியாது. கை பிசுபிசுன்னு இருக்கும், கரண்டியை விட்டா அடி பிடிக்கும், கடைசிப் பத்து நிமிஷம் அது லாவா மாதிரி தெறிக்கும். முழுக்கை சட்டை போட்டுக்கோங்க, சொல்லிட்டேன். ரெண்டு பேரும் பக்கத்துல பக்கத்துல நின்னு, பாத்திரத்தையே பார்த்துக்கிட்டு, மாத்தி மாத்திக் கிண்டினோம். அப்படிக் கிண்டிக்கிட்டே, தலையை நிமிர்த்தாம அவன் சொன்னான்: "நான் விட்டுடலாம்னு இருக்கேன்டா. ஒரு மாசமா சரியாத் தூங்கல." நேருக்கு நேர் உக்கார வெச்சு "உனக்கு என்னடா பிரச்சினை"ன்னு கேட்டிருந்தா அது வந்திருக்காது. கைக்கு வேலை இருந்துச்சு, கண்ணுக்கும் பார்க்க ஒரு இடம் இருந்துச்சு, பேச்சு தானா வந்துச்சு. நான் ஒண்ணும் பெருசா சொல்லலை. "சரிடா, கிண்டு, அடி பிடிக்கப் போகுது"ன்னுதான் சொன்னேன்.

அதுக்கப்புறம் நடந்ததுக்கு ஜாமுக்கு கிரெடிட் கொடுக்க மாட்டேன். அடுத்த வாரம் காலேஜ் கவுன்சிலர்கிட்ட போனான். அப்பாகிட்ட சொன்னான். அது அவனுக்கு பேப்பர் ரிஜெக்ட் ஆனதை விடக் கஷ்டமா இருந்துச்சாம். ஒரு செமஸ்டர் பிரேக் எடுத்தான், திரும்பப் போனான். முடிப்பானா மாட்டானான்னு எனக்கும் தெரியாது, அவனுக்கும் தெரியாது. இப்போ தூங்குறான்.

அதனால இதைக் கேக்கிற யாராவது தூக்கமே இல்லாம, சாப்பாடு இறங்காம, எல்லாமே வேண்டாம்னு தோணுற நிலைமைல இருந்தா, திராட்சை வாங்கப் போகாதீங்க. 14416க்கு போன் பண்ணுங்க. அது டெலி மானஸ், அரசாங்கத்தோட இலவச மனநல உதவி எண், 24 மணி நேரமும் எடுப்பாங்க, தமிழ்லயும் பேசலாம்.

"இதுவும் வேலையைத் தள்ளிப் போடுற சாக்குதானே ப்ரோ"ன்னு கேப்பீங்க. ஓரளவு உண்மைதான். ஆனா வெப் சீரிஸ் மாதிரி "அடுத்த எபிசோட்"னு ஜாம் இழுக்காது. பாட்டில்ல ஊத்தினா முடிஞ்சுது, திரும்ப டேபிளுக்குத்தான் போகணும். அதனாலயே அளவை டபுள் பண்ணாதீங்க. ரெண்டு மூணு கிலோவை ஒரே பாத்திரத்துல போட்டா கொதிச்சு வத்த அரை நாள் ஆகும், நிறமும் கறுத்துடும். ஒரு கிலோ போதும். வேணும்னா அடுத்த ஞாயிறு இன்னொண்ணு.

பாட்டிலைப் பத்தி மட்டும் சொல்லி முடிச்சுக்கிறேன். கண்ணாடி பாட்டிலைப் பத்து நிமிஷம் தண்ணில கொதிக்க வெச்சு, ஈரமே இல்லாம உலர்த்தி, பாட்டில் சூடா இருக்கும்போதே சூடான ஜாமை ஊத்துங்க. குளிர்ந்த பாட்டில்ல ஊத்தினா விரிசல் விடும். எடுக்கிற ஸ்பூன்ல ஈரம் இருந்தா பூஞ்சை வரும். சர்க்கரையைக் குறைச்சுப் போட்டீங்கன்னா கண்டிப்பா ஃப்ரிட்ஜ்தான், சீக்கிரம் சாப்பிட்டு முடிச்சிடுங்க. எங்க வீட்டுல அந்தப் பிரச்சினையே வரலை. சப்பாத்திக்கு, தோசைக்கு, சும்மா ஸ்பூன்லன்னு ஒன்பது நாள்ல பாட்டில் காலி.

அடுத்த வாரம் திரும்ப டெக் பக்கம் வந்துடுவோம். அதுவரைக்கும், டாட்டா.