சானடோரியம் ஸ்டேஷனில் கற்ற பாடம்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



"அன்றாட வாழ்வில் கிறிஸ்தவ விசுவாசம்" என்று தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். நான் போதகர் அல்ல. அதனால் பிரசங்கம் செய்யாமல், நான் தோற்ற ஒரு கதையைச் சொல்கிறேன்.

நம் கல்லூரி 1937இல் பட்டணத்தை விட்டுத் தாம்பரத்துக்கு வந்தது. மறு வருடம், 1938 டிசம்பரில், உலக மிஷனெரி மாநாடு இந்த வளாகத்தில்தான் நடந்தது. ஏறக்குறைய 470 பிரதிநிதிகள் வந்து, மற்ற சமயத்தாரோடு கிறிஸ்தவர்கள் எப்படிப் பழகுவது என்பதையும் விவாதித்தார்கள். "தாம்பரம்" என்ற பெயர் உலகத் திருச்சபை வரலாற்றில் ஏறியது அப்படித்தான்.

இங்கிருந்து ஒரே ஒரு ஸ்டேஷன் தள்ளி இருக்கிறது சானடோரியம். டாக்டர் சவுரிமுத்து என்பவர் காசநோயாளிகளுக்காக 1928இல் தொடங்கியது. கல்லூரி இங்கு வந்த அதே 1937இல் அரசாங்கம் அதை ஏற்றுக்கொண்டது. பின்னாளில், 1990களில், எச்.ஐ.வி. நோயாளிகளைப் பலரும் விரட்டியபோது சேர்த்துக்கொண்டதும் அந்த ஆஸ்பத்திரிதான்.

1974 கிறிஸ்துமஸுக்கு நாங்கள் சிலர் அங்கே பாடப் போனோம். வராந்தாவில் ஒரு பெரியவர், வீட்டார் கொண்டுவந்த இரண்டு ஆரஞ்சுப் பழங்களை எனக்கும் என் நண்பனுக்கும் கொடுத்தார். "சாப்பிடுங்க தம்பி" என்றார். சிரித்துக்கொண்டே வாங்கினேன். ஸ்டேஷனுக்கு வந்ததும் சாக்கடையில் போட்டேன். நண்பனோ உரித்துச் சுளை சுளையாகச் சாப்பிட்டான். திருநீறு பூசும் வீட்டுப் பிள்ளை அவன். என்னைப் பார்த்து, "ஏண்டா, உள்ளே பாடினது யாருக்கு?" என்றான். அவ்வளவுதான். நல்ல சமாரியன் கதையில் நான் யார் என்று அன்றைக்குப் புரிந்தது.

எனக்கு அறிவு இல்லாமல் இல்லை. காசநோய் இருமலால் காற்றில் பரவுவது, பழத்தால் அல்ல என்று அறிவியல் மாணவனான எனக்குத் தெரியும். 1956இல் நம் சென்னையில்தான் ஓர் ஆராய்ச்சி தொடங்கினார்கள். வீட்டிலிருந்தே மருந்து சாப்பிட்டவர்களும் சானடோரியத்தில் தங்கியவர்களைப் போலவே குணமானார்கள், அதனால் குடும்பத்தாருக்கு நோய் கூடுதலாகப் பரவவும் இல்லை என்று உலகத்துக்கே சொன்னார்கள். என்னிடம் குறைந்தது அறிவு அல்ல, அன்பு.

சில வருடங்களுக்கு முன் அந்தப் பரீட்சை மறுபடி வந்தது. சேலையூரில் எங்கள் மாடியில் குடியிருந்த ஆட்டோ டிரைவருக்கு டி.பி. என்று தெரிந்தது. கீழ்ப் போர்ஷன்காரர், "அவங்களைக் காலி பண்ணச் சொல்லுங்க, இல்லேன்னா நாங்க போறோம்" என்றார். உண்மையைச் சொல்கிறேன், ஒரு வாரம் தடுமாறினேன். கடைசியில் என் மனைவிதான், "ஆறு மாசம் ஒழுங்கா மருந்து சாப்பிட்டா சரியாயிடும்னு டாக்டரே சொல்றாரு. ஞாயித்துக்கிழமை நாம எதுக்குக் கோயிலுக்குப் போறோம்?" என்றாள். மாடிக்காரர் இருந்தார். கீழ்வீடு மூன்று மாதம் பூட்டிக் கிடந்தது, வாடகை போயிற்று. அவர் மருந்தை முடித்த அன்று ஒரு பை நிறையப் பழம் கொண்டுவந்தார். அதில் ஆரஞ்சும் இருந்தது. இந்த முறை அவர் முன்னாலேயே உரித்துச் சாப்பிட்டேன்.

மாணவச் செல்வங்களே, உலக மாநாடுகள் வேண்டியவைதான். ஆனால் நமக்குப் பரீட்சை வாடகை வீட்டிலும், மெஸ்ஸிலும், பக்கத்து வீட்டுத் திண்ணையிலும்தான் வருகிறது. கிறிஸ்துமஸுக்குப் பாடப் போனால் போங்கள். பாடிவிட்டுத் திரும்பாமல், பத்து நிமிடம் பக்கத்தில் உட்காருங்கள். கொடுப்பதை வாங்கிச் சாப்பிடுங்கள்.

அந்த நண்பன் இதோ மூன்றாம் வரிசையில் உட்கார்ந்து, "இன்னுமா அதை மறக்கலை?" என்று சிரிக்கிறான். மறக்கவில்லையடா. மறக்கவும் கூடாது.