சத்து மாத்திரை மறைக்கும் குறை
(உடுமலைப்பேட்டையில் மகாவீரர் ஜெயந்தி விழாவில் ஆற்றிய உரை)

 

"இரத்தம் குறைவு, ஃபோலிக் அமில மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள், கீரை நிறையச் சாப்பிடு." நம் இல்லங்களில் இவ்வறிவுரையைக் கேளாதார் இலர். பலருக்கு இதனால் நன்மையே விளையும். ஆயினும் ஊன் உண்ணாத நம்மில் சிலருக்கு இதுவே தீங்காக முடியக்கூடும். அது எவ்வாறு என்று சொல்லவே வந்தேன்.

அம்மாத்திரையின் வரலாறு நமக்கு அயலானதன்று. லூசி வில்ஸ் என்னும் ஆங்கிலேய மருத்துவ அம்மையார் 1928இல் பம்பாய்க்கு வந்தார். அங்கே நெசவாலைகளில் உழைத்த ஏழைப் பெண்கள் கருவுற்ற காலத்தில் கடும் இரத்தசோகைக்கு ஆளாகி வருந்தினர். அதன் காரணத்தைத் தேடிய அம்மையார், 1929இல் சில மாதங்கள் ஆய்வு நடத்திய இடம் நமக்கு அண்மையிலுள்ள குன்னூர்ப் பாஸ்டர் நிறுவனம். எலிகளையும் பின்னர்க் குரங்குகளையும் கொண்டு அவர் செய்த ஆய்வு நமக்கு உவப்பானதன்று, நடந்ததைச் சொல்கிறேன். 'மார்மைட்' என்னும் மலிவான ஈஸ்ட் சாறு அந்நோயைத் தீர்ப்பதை அவர் கண்டு, 1931இல் வெளியிட்டார். கடும் இரத்தசோகைக்கு விலங்கின் ஈரலே கைகண்ட மருந்தாக இருந்த காலம் அது! அச்சாற்றில் மறைந்திருந்த பொருளே ஃபோலிக் அமிலம். 1941இல் அதனைக் கீரையிலிருந்து பிரித்தெடுத்தவர்கள், இலத்தீன் மொழியில் இலையைக் குறிக்கும் சொல்லால் பெயரிட்டனர்.

இதன் பின்னரே இடர் தோன்றியது. 1940களின் நடுவில் இம்மருந்து பலவகை இரத்தசோகைக்கும் வழங்கப்பட்டது. ஒருவகை நோயாளிகளிடம் இரத்தம் தேறியது. நரம்புகளோ நலிந்துகொண்டே சென்றன. அவர்களிடம் குறைந்திருந்தது வேறொரு சத்து. 1948இல் தனித்தெடுக்கப்பட்ட பி12 உயிர்ச்சத்தே அது. பி12 குறைந்திருந்தாலும், மிகுதியான ஃபோலிக் அமிலம் இரத்த அணுக்களை ஓரளவு பெருகச் செய்துவிடும். நரம்பின் உறையைக் காக்க அதனால் இயலாது. இரத்தப் பரிசோதனைத் தாளில் எண் உயர்ந்ததும் நாம் மகிழ்கிறோம். உள்ளே தண்டுவடம் பழுதுபடுகிறது.

பி12 எந்தக் கீரையிலும் பயறிலும் இல்லை. அதனை ஆக்குவன நுண்ணுயிர்களே. ஒருவர்க்கு நாளொன்றுக்கு வேண்டுவது ஏறத்தாழ 2 மைக்ரோகிராம்தான். நம் உணவில் அதற்குரிய வாயில் பாலும் தயிருமே. 200 மில்லி பாலில் 1 மைக்ரோகிராமுக்குச் சற்றுக் குறைவாக இருக்கும். காப்பியில் கலக்கும் இரண்டு கரண்டிப் பால் எம்மட்டு? மோரை நீராகப் பெருக்கிக் குடித்துவிட்டுப் போதும் என்றிருப்பதும் அவ்வாறே. சுருள்பாசித் தூளில் பி12 உண்டென விளம்பரம் செய்கின்றனர். அதில் பெரும்பகுதி நம் உடலுக்குப் பயன்படாத போலி வடிவம். அதனை நம்பிப் பொருளை வீணாக்க வேண்டா.

குறையின் அடையாளங்களை இவ்வூர் மக்கள் எளிதில் உணரலாம். உள்ளங்கால் மரத்துப்போகும், எரியும், தரையில் நடப்பது பஞ்சுப்பொதியின்மேல் நடப்பதுபோல் தோன்றும். இருட்டில் தள்ளாடும். மறதியும் வரும். "வயதாயிற்று" என்றோ "சர்க்கரை நோயினால்" என்றோ ஒதுக்கிவிடுகிறோம். முதுமையில் பி12 உட்கவர்தல் இயல்பாகவே குறையும். சர்க்கரைக்கு நெடுங்காலம் மெட்ஃபார்மின் உண்போர்க்கும், வயிற்றெரிச்சல் மாத்திரையை ஆண்டுக்கணக்கில் விழுங்குவோர்க்கும் அது மேலும் குறையலாம். நீண்டநாள் கவனியாது விட்ட நரம்புக்கேடு முழுவதும் மீளாமலும் போகலாம்.

கருவுற்ற மகளிரும் கருவுற எண்ணும் மகளிரும் ஃபோலிக் அமிலத்தை நிறுத்திவிடக் கூடாது; குழந்தையின் தண்டுவடக் குறைபாட்டைத் தடுப்பது அதுவே. நான் சொல்வது, 5 மில்லிகிராம் மாத்திரையைத் தாமாகவே வாங்கி மாதக்கணக்கில் உண்போரைப் பற்றி. அவர்கள் முதலில் மருத்துவரிடம் பி12 அளவைப் பார்க்கச் சொல்லிக் கேட்க வேண்டும். குறைவாயின் மாத்திரையோ ஊசியோ உண்டு.

"அம்மருந்து புலாலிலிருந்து வருவதோ?" என்று சென்ற வாரம் ஒரு பாட்டியார் கேட்டார். நல்ல கேள்வி. இன்று பி12 நுண்ணுயிர் நொதித்தலால் ஆலையில் ஆக்கப்படுகிறது, ஈரலிலிருந்து எடுக்கப்படுவதன்று. ஆனால் காப்ஸ்யூல் உறை பெரும்பாலும் விலங்கின் எலும்பு, தோலிலிருந்து எடுத்த ஜெலட்டின். ஆகவே கடையில் கேட்கும்போது, "காப்ஸ்யூல் வேண்டா, மாத்திரையாகக் கொடுங்கள்" என்று சொல்லி வாங்குங்கள்.