கிரவுனுக்கு என்ன ஆயில்?



செங்கல்பட்டு, மாமல்லபுரம் பக்கம் வேகமான கார் வைத்திருப்பவர்களிடம் எஞ்சினுக்கு என்ன ஆயில் என்று கேட்டுப் பாருங்கள். கம்பெனி, கிரேடு, கடைசியாக மாற்றிய கிலோமீட்டர் எல்லாவற்றையும் மடமடவென்று ஒப்பிப்பார்கள். பின்சக்கரம் இரண்டுக்கும் நடுவே இருக்கிறதே டிஃபரன்ஷியல் என்ற ஒரு இரும்புக் கூடு, அதற்குள் என்ன ஆயில் என்று கேட்டால், "மெக்கானிக் ஏதோ ஊத்தினார்" என்பார்கள். கொஞ்சம் விவரம் தெரிந்தவர் என்றால், "140 ஊத்தச் சொல்லிட்டேன், நல்லா கெட்டியா இருக்கும்" என்பார். இந்த இரண்டாவது ஆளோடுதான் எனக்கு இன்றைக்கு வழக்கு.

பின்சக்கரம் இழுக்கிற வண்டிகள் இந்த வட்டாரத்துக்குப் புதிதல்ல. வண்டலூரில் ஸ்டாண்டர்ட் மோட்டார் தொழிற்சாலை இருந்ததை வயதானவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அங்கே தயாரான ஹெரால்டு காரில் டிஃபரன்ஷியல் கூடு சேசிஸோடு முடுக்கப்பட்டிருக்கும். இரண்டு பக்க ஆக்சிலும் தனித்தனியே ஏறி இறங்கும். 1972-ல் வந்த கெசல் காரில் அதை எடுத்துவிட்டு, நம் மெக்கானிக்குகளுக்குக் கைப்பழக்கமான ஒரே நீள ஹவுசிங்கைப் போட்டார்கள். எண்பதுகளின் நடுவில் ஸ்டாண்டர்ட் 2000 வந்தது. இங்கிலாந்தின் ரோவர் காருடைய உடம்பு அது. அங்கே அந்த உடம்புக்குள் மூன்றரை லிட்டர் வி8 எஞ்சின்கூட இருந்தது. இங்கே வைத்தது பழைய இரண்டு லிட்டர் எஞ்சின். பார்த்தால் ராஜா, ஓட்டினால் மந்திரிகூட இல்லை.

வண்டலூர் வழியாகப் போகிற ஜி.எஸ்.டி. ரோட்டில் தெற்கே வந்தால் மறைமலைநகர். ஃபோர்டு எண்டெவர் அங்கேதான் தயாரானது. ஃபோர்டு 2022-ல் அங்கே கார் உற்பத்தியையே நிறுத்திவிட்டது. இன்னும் கொஞ்சம் தள்ளி, பரனூர் டோல்கேட் பக்கம் மகிந்திரா சிட்டிக்குள் பி.எம்.டபிள்யூ தொழிற்சாலை, 2007 மார்ச்சில் திறந்தது. 2021-ல் அங்கேயிருந்து வெளியே வந்த எம் 340 ஐ, பி.எம்.டபிள்யூவின் வேகமான எம் வரிசையில் இந்தியாவிலேயே பூட்டப்பட்ட முதல் கார். நின்ற இடத்திலிருந்து நூறு கிலோமீட்டர் வேகத்தை 4.4 விநாடியில் தொடும் என்கிறது கம்பெனி. வண்டலூருக்கும் பரனூருக்கும் அரைமணி நேர ஓட்டம்தான். ஹெரால்டு காலத்துக் கூட்டுக்கும் இந்தக் கூட்டுக்கும் உள்ளே இருக்கிற சாமான் அடியோடு வேறு. ஆயில் ஊற்றுகிற பழக்கம் மட்டும் ஹெரால்டு காலத்திலேயே நிற்கிறது.

அந்தக் கூடு என்ன செய்கிறது? மாட்டுவண்டிக்கு டிஃபரன்ஷியல் தேவையில்லை. சக்கரம் இரண்டும் அச்சில் தன்பாட்டுக்குச் சுற்றும், இழுக்கிறது மாடு. காரில் எஞ்சினுடைய விசையே சக்கரத்துக்குப் போக வேண்டும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் சென்னையிலிருந்து வந்து, பூஞ்சேரி கூட்ரோட்டில் திருக்கழுக்குன்றம் பக்கம் வலதுகையில் திரும்புகிறீர்கள். இடது சக்கரம் வெளிவட்டத்தில் கூடுதல் தூரம் ஓட வேண்டும், வலது சக்கரம் குறைவாக. இரண்டுக்கும் விசையும் போக வேண்டும், வேகமும் வேறுபட வேண்டும். அதற்குத்தான் கிரவுன் என்ற பெரிய பல்சக்கரம், எஞ்சின் விசையைக் கொண்டுவரும் புரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் முனையில் நின்று அதைச் சுற்றிவிடுகிற பினியன், நடுவில் சின்னச் சின்னப் பல்சக்கரங்கள்.

கிரவுனும் பினியனும் சேருகிற இடத்தில்தான் ஆயிலுக்குச் சோதனை. பினியனை நடுமையத்துக்கு நேராக வைக்காமல் கொஞ்சம் கீழே இறக்கி வைக்கிற முறை ஒன்று இருக்கிறது. ஹைபாய்ட் என்று பெயர். 1926-ல் அமெரிக்காவின் பேக்கர்ட் கம்பெனி அதைக் காருக்குக் கொண்டுவந்தது. அதனால் புரொப்பெல்லர் ஷாஃப்ட் தாழ்ந்தது, காரின் தளமும் தாழ்ந்தது. ஆனால் பல்லும் பல்லும் உருளுவதோடு நிற்காமல் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கிக்கொண்டே போகும். அந்த அழுத்தத்தில் சாதாரண எண்ணெய்ப் படலம் கிழிந்துவிடும். அதனால்தான் கிரவுன் ஆயிலில் கந்தகமும் பாஸ்பரஸும் சேர்ந்த மருந்து கலக்கிறார்கள். பல் சூடாகிற அந்த ஒரு புள்ளியில் மருந்து இரும்போடு வினைபுரிந்து மெல்லிய தோல் மாதிரி படியும். அந்தத் தோல் தேய்ந்து போகும், பல் தப்பிக்கும். டப்பாவைத் திறந்ததும் மூக்கில் ஏறுகிற வாடை இந்தக் கந்தகம்தான்.

டப்பாவின்மேல் ஜி.எல். 4, ஜி.எல். 5 என்று போட்டிருப்பது இந்த மருந்தின் வீரியத்தைப் பற்றியது. ஹைபாய்ட் கிரவுனுக்கு ஜி.எல். 5. இதில் பேரமே கிடையாது. 4 ஊற்றினால் பல் தேய்ந்துபோகும். அதற்காக மிச்சமிருக்கிற 5-ஐக் கொண்டுபோய் கியர்பாக்ஸில் ஊற்றிவிடாதீர்கள். பல கியர்பாக்ஸ்களில் பித்தளை வளையங்கள் உண்டு, வீரியமான கந்தகம் அவற்றை அரிக்கும். இரண்டுக்கும் ஒரே டின்னை வாங்கி வைத்துக்கொண்டு ஊற்றுகிற பட்டறைகளை நான் பார்த்திருக்கிறேன். அங்கே வண்டியை விடுவதற்கு முன் ஒரு கேள்வி கேட்டுவிடுவது நல்லது.

இப்போது ஆரம்பத்தில் சொன்ன 140 விவகாரத்துக்கு வருவோம். டப்பாவில் இருக்கிற 90, 140 என்ற எண்கள் எண்ணெயின் கெட்டித்தன்மையைச் சொல்பவை. எஞ்சின் ஆயில் 40 என்றால், கிரவுன் ஆயில் 90 அதைவிட இரண்டு மடங்கு கெட்டி என்று பலரும் நினைக்கிறார்கள். இரண்டும் வேறு வேறு அளவுகோல். நூறு டிகிரி சூட்டில் அளந்தால் 90 கிரேடின் பாகுத்தன்மை பதின்மூன்றரையிலிருந்து பதினெட்டரை வரை. எஞ்சின் ஆயில் 40-ம் 50-ம் கிட்டத்தட்ட அதே இடத்தில்தான் இருக்கின்றன. 140 என்பது 24-க்கு மேலே, முப்பத்திரண்டரை வரை போகும். அதுதான் நிஜமாகவே கெட்டி.

கெட்டியாக இருந்தால் நல்லதுதானே என்று கேட்பீர்கள். கிரவுன் சக்கரம் எண்ணெயில் பாதி முங்கி, அதைக் கடைந்துகொண்டேதான் சுற்றுகிறது. கெட்டி எண்ணெயைக் கடைய விசை செலவாகும், செலவான விசை சூடாக மாறும். காலையில் வண்டி எடுத்ததும் பினியன் பேரிங் வரைக்கும் அது போய்ச் சேரத் தாமதமாகும். கம்பெனியே 140 சொல்லியிருந்தால் ஊற்றுங்கள். கனமான டிரெய்லர் இழுக்கிற வண்டிக்குச் சொல்வார்கள். இருங்காட்டுக்கோட்டை பந்தயத் தடத்தில் சித்திரை வெயிலில் சுற்றுகிறவர், விவரம் தெரிந்தவரைக் கேட்டுக்கொண்டு அந்தப் பக்கம் போகலாம். ஞாயிற்றுக்கிழமை காலையில் மாமல்லபுரம் வரை போய் இட்லி சாப்பிட்டுவிட்டுத் திரும்புகிற வண்டிக்கு எதற்கு 140?

ஒரே ஒரு காரணம் சொல்வார்கள். சத்தம் குறையுமாம். குறையும், பொய்யில்லை. பின்னாலிருந்து ஊளையிடுகிற கிரவுன் கெட்டி எண்ணெயில் கொஞ்சம் அடங்கும். பல்லோ பேரிங்கோ தேய்ந்ததால்தான் அந்தச் சத்தம். தேய்மானம் அப்படியே இருக்கும். பழைய வண்டி விற்கிறவருக்கு இது வசதி. வாங்குகிறவர் கொஞ்சம் ஆயிலைத் தொட்டுப் பார்த்துக்கொள்ளட்டும்.

90-க்கு முன்னால் 75 டபிள்யூ, 80 டபிள்யூ என்று இன்னொரு எண் இருக்கும். குளிரில் எண்ணெய் உறைந்து போகாமல் ஓடுமா என்பதற்கான குறி அது. 75 என்றால் மைனஸ் 40 டிகிரி வரைக்கும் சோதித்தது. நமக்கு மார்கழியில் இருபதைத் தொட்டாலே குல்லாய் தேடுகிறோம். ஆகவே அந்த எண் இங்கே பெரிய விஷயமில்லை. ஆனால் 75 டபிள்யூ 90 பெரும்பாலும் சிந்தெடிக் ஆயிலாக இருக்கும், சூட்டை நன்றாகத் தாங்கும். புதிய வண்டிக்கு அதைச் சொல்லியிருந்தால், விலை பார்த்து 80-க்கு இறங்க வேண்டாம்.

வேகமான காருக்கென்று தனியாக ஒரு சிக்கல் உண்டு. சாதாரண டிஃபரன்ஷியலில் ஒரு சக்கரம் மணலிலோ ஈரத்திலோ பிடி இழந்தால் விசை எல்லாம் அந்தப் பக்கம் ஓடிவிடும். அதைத் தடுக்கப் பல வண்டிகளில் உள்ளே கிளட்ச் பிளேட்டுகளை அடுக்கியிருப்பார்கள். லிமிடெட் ஸ்லிப் என்பது இதுதான். இந்தப் பிளேட்டுகள் பிடிக்கவும் வேண்டும், நெருக்கடியான திருப்பத்தில் நழுவவும் வேண்டும். அதற்கு ஃப்ரிக்‌ஷன் மாடிஃபையர் கலந்த ஆயில் தேவை. அது இல்லாத ஆயிலை ஊற்றினால், பார்க்கிங்கில் ஸ்டியரிங்கை முழுசாக ஒடித்து மெதுவாக நகரும்போது பின்னாலிருந்து கடகடவென்று அதிரும். வீல் பேரிங் போய்விட்டது என்று நினைத்துச் செலவு செய்தவர்கள் உண்டு. அளவுக்கு மேல் கலந்தாலும் வம்பு, பிளேட்டு பிடிக்கவே பிடிக்காது. டார்சன் மாதிரி பல்சக்கரத்தாலேயே வேலை செய்கிற வகைகளுக்கு இந்தக் கலவை தேவையே இல்லை. எனவே கடைக்குப் போவதற்கு முன் உங்கள் கூட்டுக்குள் இருப்பது பிளேட்டா, பல்லா, வெறும் சாதாரண டிஃபரன்ஷியலா என்று தெரிந்துகொள்ளுங்கள். மேனுவலில் இருக்கும். எம் 340 ஐ போல எலெக்ட்ரானிக்காகக் கட்டுப்படுத்தும் டிஃபரன்ஷியல் என்றால் கம்பெனி சொன்ன ஆயில் மட்டுமே. அங்கே நம் புத்திசாலித்தனத்துக்கு இடமில்லை.

ஆயுள் முழுக்க மாற்றவே வேண்டாம் என்று சில கம்பெனிகள் சொல்வதையும் கேட்டிருப்பீர்கள். யாருடைய ஆயுள் என்று கேட்கத் தோன்றுகிறது. பி.எம்.டபிள்யூவே எம் 340 ஐ-க்கும் மேலான தன்னுடைய முழு எம் கார்களுக்கு முதல் 2000 கிலோமீட்டரில் டிஃபரன்ஷியல் ஆயிலை மாற்றச் சொல்கிறது. புதுப் பல் ஒன்றோடொன்று பழகும்போது உதிரும் பொடியை வெளியே எடுக்கத்தான்.

நம் கடலோரத்துக்கு இன்னொரு கவலையும் உண்டு. தண்ணீர். 2022 டிசம்பரில் மாண்டஸ் புயல் மாமல்லபுரத்தை ஒட்டித்தான் கரை கடந்தது. அடுத்த டிசம்பரிலேயே மிக்ஜாம் வந்து முடிச்சூர் பக்கமெல்லாம் வெள்ளக்காடு. வண்டி ஓடிச் சூடாக இருக்கும் ஹவுசிங் திடீரென்று தண்ணீரில் முங்கினால், உள்ளே காற்று சுருங்கும். காற்று போய்வருகிற ப்ரீதர் துளை வழியாகவோ ஆயில் சீல் வழியாகவோ வெளித் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். வெள்ளம் வடிந்ததும் எல்லோரும் எஞ்சின் ஆயிலைப் பார்க்கிறார்கள், பின்னால் யாரும் குனிவதில்லை. நிரப்புகிற போல்ட்டைக் கழற்றி, வளைந்த கம்பி ஒன்றை விட்டு எடுத்துப் பாருங்கள். பால் ஊற்றிய காபி நிறத்தில் வந்தால் அதே வாரம் மாற்றிவிட வேண்டும். உப்புத்தண்ணீர் என்றால் அன்றைக்கே.

மாற்றுகிற முறை பெரிய வித்தை இல்லை, ஒரு வரிசை மட்டும் முக்கியம். முதலில் மேலே இருக்கிற நிரப்பும் போல்ட் கழல்கிறதா என்று பாருங்கள். பிறகுதான் கீழே வடிக்கிற போல்ட். தலைகீழாகச் செய்தால், எண்ணெயெல்லாம் வடிந்த பிறகு மேல்போல்ட் துருப்பிடித்து அசையாமல் நின்றுவிட்டால் வண்டியை எடுக்கவும் முடியாது, ஊற்றவும் முடியாது. வடிக்கிற போல்ட்டில் காந்தம் இருந்தால் அதில் சாம்பல் நிறக் குழம்பு ஒட்டியிருக்கும். விரலில் தேய்க்கும்போது மையாகப் படிந்தால் பயமில்லை. நறநறவென்று துண்டு தட்டுப்பட்டால் ஆயில் டப்பாவைத் திறக்காதீர்கள், கூட்டைத் திறக்கச் சொல்லுங்கள்.

கார்களுக்குச் சுமார் ஒரு லிட்டர் போதும், பெரிய எஸ்.யூ.வி.களுக்குக் கூடுதலாகும். வண்டி சமமான தரையில் நிற்க, நிரப்பும் துளையின் விளிம்பு வரை வந்து வழியத் தொடங்கும்போது நிறுத்திவிடுங்கள். அதற்கு மேல் அழுத்தி ஊற்றினால் சூட்டில் நுரைத்து சீலைத் தள்ளும். பிளேட்டு வகை என்றால், காலி மைதானத்தில் எட்டு போட்டு மெதுவாக நாலைந்து சுற்று ஓட்டுங்கள், புது ஆயில் பிளேட்டு இடுக்கெல்லாம் போய்ச் சேரட்டும். மறுநாள் காலை வண்டிக்கு அடியில் ஒரு பழைய செய்தித்தாளை விரித்துப் பாருங்கள். சொட்டு விழுந்திருந்தால் போல்ட்டின் வாஷரை மாற்றச் சொல்லுங்கள்.